நாலு முழம் கனகாம்பரம்

பூவைக் காயவைத்து அட்டையில் ஒட்டுவது மனித இனத்தின் மூன்றாவது பெரிய முட்டாள்தனம் என்று உடையப்பன் அறிவித்தான். முதல் இரண்டும் எவை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கோலாலம்பூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிப்பவனுக்குத் தெரியாதது என்று எண்பத்து நாலாம் வருஷத்தில் அதிகம் இருக்கவில்லை.

"வாடுறதுதான் பூவோட வேலை. அதச் செய்ய விடாம பண்ற. அநியாயம்க்கா."

அக்கா கலாவதி நிமிரவில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தூக்கிப் போட்ட பழைய டெலிபோன் புத்தகத்தின் நடுவில் செய்தித்தாளை விரித்து, கனகாம்பரங்களை ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாயால காத்து விடாத. பூ பறக்குது."

புத்தகத்தை மூடியதும் அதன்மேல் லோரியின் பழைய பிரேக் டிரம்மைத் தூக்கி வைத்தார் அவள் கணவர் நல்லசாமி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். போகிற இடத்திலிருந்தெல்லாம் அக்காவுக்குப் பூ கொண்டுவருவார். கோலா குபு பாரு ரோட்டோரத்துக் காகிதப்பூ, சுங்கை பெசார் வரப்பில் முளைத்த பேர் தெரியாத நீலப்பூ, எல்லாம் சோற்றுத்தூக்கில் பயணம் செய்து வரும்.

"மாப்ள, மல்லிக மட்டும் ஆகாதுலா. காஞ்சா தேத்தண்ணி நெறமாயிடும். கனகாம்பரம்னா நெறம் நிக்கும்."

"மாமா, நீங்களுமா?"

"நானுந்தான். கல்யாண நாளைக்கு எங்க ரெண்டு பேரு மாலையும் காஞ்ச பூவாலயே அட்டையில வருது. என் மால முடிஞ்சிருச்சி. அவளோடது பாதி நிக்குது."

உடையப்பன் கல்லூரிக்குத் திரும்பியதும் மாணவர் இதழில் 'காய்ந்த பூக்கள் சங்கம்' என்று ஒரு கட்டுரை எழுதினான். அக்காவைத் தலைவியாகவும் மாமாவைப் பொருளாளராகவும் நியமித்தான். விடுதியே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு பிரதியை அக்கா வீட்டுக்கும் அனுப்பினான். மாமாவிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. 'மாப்ளைக்கு, செயலாளர் பதவி காலியாக இருக்கிறதே, வருகிறீர்களா?'

பதில் எழுத நல்ல கிண்டல் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. புக்கிட் ரோத்தான் வளைவில், மழையில், லோரி சறுக்கிக் கவிழ்ந்திருந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் பிறந்த வீட்டிலிருந்து சேலையும் பூவும் வர வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகு நாளாகியிருந்தது. பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது உடையப்பன் ஒருவன்தான். சேலை எடுத்த கையோடு கோலா சிலாங்கூர் பூக்கடையில் போய் நின்றான்.

"யாருக்கு தம்பி?"

"அக்காவுக்கு."

"அப்ப நெருக்கமா கட்டுனத எடுத்துக்க. அக்கா சந்தோசப்படும்."

நாலு முழம் கனகாம்பரத்தை வாழையிலையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தான்.

நல்லசாமியின் பெரியம்மா அன்னம்மாள் நாலு முழத்தையும் கலாவதியின் தலை நிறைய வைத்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு பூ வைத்ததில்லை. பிறகு பெண்கள் வட்டமாகச் சுற்றி நின்று அவளை மறைத்துக்கொண்டார்கள். அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. அதில் அக்காவின் குரல் இல்லை. பதினாறு நாளாக அவள் பேசவே இல்லை.

அன்னம்மாள் வெளியே வந்து, கழற்றிய பூவைச் சுருட்டி அவன் கையில் திணித்தாள்.

"கால்வாயில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு ராசா. இது வீட்டுல இருக்கக் கூடாது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அந்த டெலிபோன் பொஸ்தகத்தையும் கொண்டுபோயிடு. இனி அவ பூவத் தொட்டா ஊரு என்ன சொல்லும்?" என்றாள்.

கால்வாய்க் கரையில் உடையப்பன் புத்தகத்தைத் திறந்தான். கடைசிப் பக்கத்தில் அட்டை இருந்தது. ஒரு மாலை முழுசாக. பக்கத்தில் இன்னொன்று, பாதி பூவாக, மீதி பென்சில் கோடாக நின்றது.

சரத்தைத் தண்ணீரில் போட்டான். போடுவதற்கு முன், நசுங்காத பூக்களாகப் பார்த்து ஒரு கைப்பிடி உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தான். புத்தகம் கையிலேயே இருந்தது.

முன்னால் பந்தியில் கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் போய், புத்தகத்தைத் தரையில் விரித்து, அன்றைய செய்தித்தாளைக் கிழித்து உள்ளே வைத்தான். கலாவதி சுவரோரம் வெறுந்தலையுடன் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, பேப்பர தெனமும் மாத்தணுமா, ரெண்டு நாளைக்கு ஒரு தடவையா?"

பிரேக் டிரம் எங்கே என்று அவன் தேடினான். அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது.

"மொத மூணு நாள் தெனமும்," என்றாள் அக்கா, கரகரத்த குரலில். "ஒண்ணு மேல ஒண்ணு படக்கூடாது."

உடையப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு பூக்களை அடுக்க ஆரம்பித்தான்.