அழுதால் கேஸ் தள்ளுபடி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நம் வக்கீலுக்கோ அந்த வாயே எமனாக வந்து வாய்த்தது. இதயத்தில் பெரிய அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியாயிற்று. மனுஷன் அசையவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் பயம்தான். ஆனால் தொழில் புத்தி விடுமா? பயத்துக்கே வக்காலத்து வாங்கி வாதாடிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் எந்தத் தகராறும் சாப்பாட்டு மேஜையில்தான் தீரும். எதிரெதிரே இருவர், நடுவில் ஒரு நீதிபதி. அழுதால் கேஸ் தள்ளுபடி. கல்யாணமான புதிதில், மனைவியின் கண்ணீருக்குப் பயந்து வக்கீல் போட்ட விதி அது. பாவம், அன்றிலிருந்து அவள் ஒரு கேஸும் ஜெயித்ததில்லை. பாதியிலேயே மூக்கு சிவந்துவிடும்.

அன்று மகள்தான் நீதிபதி. டாக்டர் சொன்னதை மனைவி எடுத்து வைக்க வைக்க, அவர் ஊதித் தள்ளினார்.

"மாத்திரையிலயே சமாளிக்கிறவங்க எத்தனை பேர் இருக்காங்க!"

"அவங்களுக்கு அடைப்பு சின்னது. உங்களுக்கு மாத்திரை பத்தாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே."

"டாக்டர் என்ன கடவுளா?"

"நீங்க மட்டும்?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மனைவியின் மூக்கு இன்னும் சிவக்கவில்லை. அதுதான் வக்கீலை உறுத்தியது.

"சரிங்க, ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு நீங்க இல்லன்னா, இந்த மேஜையில நான் யார்கிட்ட தோக்கறது?"

"ஆட்சேபணை! இது உணர்ச்சி, வாதமே இல்ல."

"கேள்விதானேப்பா, பதில் சொல்லுங்க," என்றாள் மகள்.

எத்தனையோ சாட்சிகளைத் திணறடித்த வாய் திறந்தது. அதற்குள் தன் நாற்காலி காலியாகக் கிடக்க, மனைவி தனியாகச் சாப்பிடுவது கண்ணில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முகத்தையும் துடைக்க வேண்டியிருந்தது.

"அப்பா அழுதுட்டார்," என்றாள் மகள், தன் குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "அப்பா கேஸ் தள்ளுபடி. திங்கட்கிழமை ஆபரேஷன்."

மயக்கம் தெளிந்தபோது நெஞ்செல்லாம் வலி. வலி தெரிகிற அளவுக்கு உயிரோடு இருக்கிறோமே என்று சந்தோஷமாக இருந்தது அவருக்கு. கட்டிலோரம் மனைவி.

"என்னைத் தோக்கடிச்சியே, ரொம்ப நன்றிம்மா," என்றார்.

அவள் மூக்கு சிவந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஏய், விதி..."

"தீர்ப்பு வந்தாச்சுங்க," என்றாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இனிமே அழலாம்."