ஏழாவது கோரிக்கை

மனு எழுதுவதென்றால் லூர்தம்மாளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பதினாறு வருஷமாகக் கிராம நர்ஸ் உத்தியோகம். அதில் ஏழு வருஷமாக நர்ஸுகள் சங்கத்தின் வட்டாரக் கிளைக்குச் செயலாளர். கிளை என்றதும் கட்டடம், பலகை, நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தோரு நர்ஸுகள், ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு தகரப்பெட்டி, அவ்வளவுதான் கிளை. தடுப்பூசி மருந்து வாங்க எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற சனிக்கிழமையில், கட்டடத்தின் பின்னால் வேப்பமரத்தடியில் கூட்டம் நடக்கும். டாக்டர் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொள்வார். அதுதான் அவர் கொடுக்கிற அனுமதி.

லூர்தம்மாளிடம் ஒரு சட்டம் இருந்தது. சங்கத்தின் மனுவில் யார் பெயரும் வரக் கூடாது, எந்த ஊர்ப் பெயரும் வரக் கூடாது. பொதுவாக மட்டுமே கேட்க வேண்டும். சும்மா போட்ட சட்டம் இல்லை, அடிபட்டுப் போட்டது. செயலாளரான முதல் வருஷம் ராஜமேரி என்ற நர்ஸ், தன்னிடம் தப்பாக நடந்த ஒரு மேலதிகாரியைப் பற்றிப் பெயர் போட்டு, ஊர் போட்டு, தேதி போட்டு ஒரு புகார் கொடுத்தாள். எழுதிக் கொடுத்தது லூர்தம்மாள்தான். எட்டாம் நாள் ராஜமேரிக்குச் சித்தேரி மலைக்கு மாற்றல் வந்தது. கைக்குழந்தையோடு மலைப் பஸ் ஏறினவள் மூன்று மாதத்தில் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அந்த அதிகாரி பதவி உயர்வு பெற்று வேறு மாவட்டம் போனார். அன்றையிலிருந்து லூர்தம்மாள் யார் என்ன குறை சொன்னாலும் அதிலிருந்து ஆளையும் ஊரையும் உருவி எடுத்துவிட்டுத்தான் காகிதத்தில் ஏற்றுவாள். அப்புறம் இந்த வட்டாரத்தில் ஒருத்திக்குக்கூடப் பழிவாங்கல் மாற்றல் வரவில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது.

1985 ஆனி மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடியபோது காவேரி மட்டும் நின்றாள். இருபத்துநாலு வயசு. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கூடை தூக்குகிற முனியம்மாளின் மூத்த மகள். அப்பன் இல்லை. தங்கை நஞ்சம்மாள் அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். காவேரிக்கு வேலை புங்கமரத்துக்கொட்டாய் துணை நிலையத்தில். ஏரியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும். துணை நிலையம் என்பது பெயருக்குத்தான். ஒரு காலத்தில் பஞ்சாயத்துக் கிடங்காக இருந்த மண்சுவர்க் கட்டடம் அது. முன்னறையில் மருந்தும் பிரசவ மேசையும். பின்னறையில் ஒரு பாய் விரிக்க இடம், அதில் காவேரி. நர்ஸ் அங்கேயே தங்க வேண்டும் என்பது உத்தரவு. காலையில் சோதனைக்கு ஜீப் வரும்போது ஆள் இல்லையென்றால் மெமோ.

காவேரி ஒரு நோட்டுத்தாளை மடித்து நீட்டினாள். லூர்தம்மாள் அங்கேயே பிரித்துப் படித்தாள்.

"லூர்து அக்காவுக்கு, காவேரி எழுதுவது. நான் தங்கியிருக்கும் அறையில் மேற்குச் சுவரில் விரிசல் பெரிதாகிக்கொண்டே போகிறது. கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் போகிறது. நான் தலைவைத்துப் படுப்பது அந்தச் சுவர் ஓரம்தான், வேறு இடம் இல்லை. மண் உதிர்கிற சத்தம் கேட்டு முழித்துக்கொள்கிறேன். மழைக்கு முன்னால் ஏதாவது செய்யுங்கள் அக்கா."

"டாக்டருக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்துரட்டுங்களா அக்கா?" என்று கேட்டாள் காவேரி.

"வேண்டவே வேண்டாம். நீயா எதையும் எழுதி நீட்டாத கண்ணு. வேலைக்குச் சேர்ந்து ஒண்ணர வருசந்தான் ஆவுது, இன்னும் நிரந்தரம்கூட ஆவல. எங்கிட்ட வுட்டுரு, சங்கம் பாத்துக்கும்."

காவேரியின் முகம் தெளிந்தது. பாரத்தை இறக்கி வைத்தவளாக நடந்துபோனாள். பஸ் வருவதற்குள் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி வந்து அக்காவின் கையில் திணித்துவிட்டுப் போனதும் லூர்தம்மாளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லாமல் போனால் தேவலாம்.

அந்த மாதம் போன மனுவில் பத்துக் கோரிக்கைகள். ஏழாவது இப்படி இருந்தது: "துணை நிலையக் கட்டடங்கள் அனைத்தும் உரிய முறையில் பராமரிக்கப்பட வேண்டும்." மூன்று முறை அடித்து எழுதி லூர்தம்மாள் செதுக்கிய வாக்கியம். சுவர் போயிற்று, விரிசல் போயிற்று, மணிக்கட்டு போயிற்று, காவேரி போனாள். அடுத்த கூட்டத்தில் நகலைப் படித்துப் பார்த்த காவேரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்க ஊரு பேரு இதுல இல்லீங்களே அக்கா?"

"பேரு போட்டா உனக்குத்தான் ஆபத்து. எல்லாத்துக்கும் சேத்துக் கேட்டா உனக்கும் வந்துரும்."

காவேரி தலையாட்டினாள். சொன்னது அக்கா ஆயிற்றே.

ஆவணியில் பதில் வந்தது. கிளையின் மனுவுக்கு மேலிடத்திலிருந்து எழுத்தில் பதில் வருவது அதுவே முதல் தடவை. "கோரிக்கை எண் 7 பரிசீலனையில் உள்ளது." லூர்தம்மாள் அதை முப்பத்தோரு நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில், அந்தச் சுவரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருந்து வாங்கப் போன ஒரு பெண்தான் முதலில் பார்த்தாள். மேற்குச் சுவர் இல்லை. பாய் விரித்த இடத்தில் இடுப்புயரத்துக்கு ஈரமண்ணும் கல்லும் கிடந்தன.

பிறகு காகிதங்கள் கிளம்பின. கட்டடம் யாருடையது என்பதில் இரண்டு துறைகள் கடிதம் எழுதிக்கொண்டன. இரண்டுமே தங்களுடையது இல்லை என்றன. கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. கட்டடத்தின் நிலையைத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு அங்கே தங்கும் நர்ஸுடையது. நர்ஸிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. ஆக, சுவர் விழுந்ததற்குச் சுவரின் அடியில் கிடந்தவளே காரணம். விசாரணையில் அப்படியே முடிவானால், அது பணியில் நேர்ந்த சாவு ஆகாது, சொந்தக் கவனக்குறைவு ஆகிவிடும். தங்கை நஞ்சம்மாளுக்கு வாரிசு வேலை கிடையாது.

லூர்தம்மாளின் தகரப்பெட்டியில் அந்த நோட்டுத்தாள் இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் தர்மபுரியிலிருந்து சங்கத்தின் மாவட்டத் தலைவி ரோசம்மாள் பஸ் ஏறி வந்தாள். வந்து உட்கார்ந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், "அந்தக் கடுதாசிய அடுப்புல போடு" என்றாள்.

"எப்படிங்கக்கா போடறது? அவ சொல்லாம இல்லீங்களே. எங்கிட்ட சொன்னாளே."

"அதத்தான் நானும் சொல்றேன். உங்கிட்ட சொன்னா, நீ உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்னு ஆயிடும். நாளைக்கு எவ சங்கத்துப் படியேறுவா? செத்தவளத் திருப்பிக் கொண்டாற முடியுமா லூர்து? இருக்கறவங்களப் பாரு."

ரோசம்மாள் கெட்டவள் இல்லை. சங்கத்துக்காக இரண்டு தடவை சஸ்பெண்டு ஆனவள். அதனால்தான் அவள் பேச்சைத் தட்டுவது கஷ்டமாக இருந்தது. அவள் போன பிறகு லூர்தம்மாள் தாளை எடுத்துக்கொண்டு அடுப்புவரைக்கும் போகவும் போனாள். 'மணிக்கட்டு வரைக்கும்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. திரும்பி வந்து தாளைக் கைப்பையில் வைத்தாள்.

விசாரணை சுகாதார நிலையத்தின் கூடத்தில் நடந்தது. அதிகாரி வயசானவர், ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி, அதட்டத் தெரியாதவர். எதிர் பெஞ்சில் முனியம்மாளும் நஞ்சம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். முனியம்மாளின் விரல் இடுக்குகளில் தக்காளிக்கறை காய்ந்திருந்தது. காலையில் மண்டிக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். ஒரு நாள் போகாமல் நின்றால் இடத்தை வேறொருத்தி பிடித்துக்கொள்வாளாம்.

லூர்தம்மாள் தாளை மேசைமேல் வைத்தாள். "காவேரி தகவல் குடுக்கலன்னு எழுதாதீங்க சார். அஞ்சு மாசம் முன்னாடியே குடுத்தா. எங்கிட்ட குடுத்தா."

அதிகாரி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாருக்கு அனுப்புனீங்க?"

"மனுல சேத்தேங்க சார். ஏழாவது கோரிக்கையா."

அவர் கோப்பைப் புரட்டி மனுவை எடுத்தார். ஏழாவது கோரிக்கையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இதுல புங்கமரத்துக்கொட்டாய் எங்கம்மா இருக்கு?" என்றார்.

லூர்தம்மாள் குனிந்து, தான் செதுக்கிய அந்த வாக்கியத்தை மறுபடி படித்தாள்.

"இது துறைக்கு எழுதுன கடிதமில்ல, உங்க சங்கத்துக்கு எழுதுனது. இதத் தகவல்னு நான் எடுத்துக்க முடியாது. இன்னொண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இது இல்லாம இருந்தா, பாவம், அந்தப் பொண்ணுக்குத் தெரியலன்னாவது எழுதியிருப்பேன். இப்ப என்ன ஆச்சு? சுவரு விழும்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் அங்கயே படுத்திருக்கு. ஏன்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் எழுதறது?"

காப்பாற்றக் கொண்டுவந்த காகிதமே காவேரியின் கழுத்தில் விழுந்துவிட்டது. அடுப்பில் போட்டிருக்கலாமோ என்றுகூட லூர்தம்மாளுக்கு ஒரு கணம் தோன்றியது.

அப்போது முனியம்மாள் எழுந்து நின்றாள்.

"ஏன்னு நாஞ் சொல்றனுங்க சாமி. தசராவுக்கு எம்மவ வூட்டுக்கு வந்தா. மழ காலம், அந்தச் செவுத்துப் பக்கம் படுக்காத, கொட்டாயில யார் வூட்லயாச்சும் போயிப் படுத்துக்கன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. 'லூர்தக்காகிட்ட எழுதிக் குடுத்துட்டேம்மா, அக்கா மேல வரைக்கும் அனுப்பிருச்சி, பதிலே வந்துருச்சி. இப்ப நான் எடத்த வுட்டுப் போயி மெமோ வாங்குனா அக்காவுக்குத்தான் கெட்ட பேரு'ன்னா. இந்தா, இதக் காட்டித்தான் சொன்னா. அவ பொட்டியில இருந்துச்சு."

மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். லூர்தம்மாள் கொடுத்த பதில் நகல். ஏழாவது கோரிக்கை பற்றிய வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தது.

அதிகாரி நகலை வாங்கிப் பார்த்துவிட்டு லூர்தம்மாளிடம் மெல்லச் சொன்னார். "செயலாளர் பேச்ச நம்பித்தான் தங்குச்சுன்னு எழுத்துல வந்தா, இறந்தவங்க மேல தப்பில்லன்னு நான் முடிச்சிரலாம். தங்கச்சி வேலைக்கும் தடை இருக்காது. ஆனா தப்பு யாரு மேலயாவது நிக்கணுமே. அது உங்க மேல நிக்கும்மா. உங்க வேலைக்கே ஆபத்து வரலாம். யோசிச்சுக்கங்க."

கட்டடத்தின் மேல் தப்பில்லை, இரண்டு துறைகள் மேலும் தப்பில்லை. அது எப்போதுமே அப்படித்தான். லூர்தம்மாளுக்கு அந்த நேரத்தில் கோபம்கூட வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

"எழுத்துல குடுக்கச் சொல்லுங்க சார்" என்றாள்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்களே" என்றாள் முனியம்மாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, லூர்தம்மாளின் பக்கம் திரும்பினாள். "நீங்கதானுங்களா லூர்தக்கா? நீங்க ரொம்ப நல்லா எழுதுவீங்கன்னு எம்மவ எப்பவும் சொல்லுவா. நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. அப்படிக் குத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

லூர்தம்மாள் பேனாவைத் திறந்தாள். முனியம்மாள் சொல்லச் சொல்ல எழுதினாள். எதையும் உருவவில்லை. புங்கமரத்துக்கொட்டாய் என்று எழுதினாள். மேற்குச் சுவர் என்று எழுதினாள். "என் மகள் காவேரி, சங்கச் செயலாளர் லூர்தம்மாள் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, அந்தச் சுவர் ஓரத்திலேயே படுத்திருந்தாள்" என்று எழுதினாள். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை முதலிலிருந்து படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று முனியம்மாள் கேட்டாள்.

"சரியா இருக்குதுங்க" என்றாள் லூர்தம்மாள். சங்கத்து ரப்பர் ஸ்டாம்பின் மைப்பெட்டியைப் பையிலிருந்து எடுத்துத் திறந்து, தக்காளிக்கறை படிந்த அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளின் அடியில் வைத்து அழுத்தினாள்.