கனிசியஸ் பார்த்த பக்கம்

1985ஆம் ஆண்டு தை மாதம், குருநகரில் சிமியோனின் வளவுக்குள் பனங்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்திருந்த உல்லாச மோட்டார் வள்ளத்தில் சிப்பி வளரத் தொடங்கியது. வள்ளம் தண்ணீரைக் கண்டு அப்போது எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கடலில் கிடக்கிற வள்ளத்தின் அடியில் சிப்பி பிடிப்பது ஒரு புதினமில்லை. காய்ந்த மணலில் நின்ற வள்ளத்தில், அதுவும் மேற்குப் பக்கத்தில் மட்டும் பிடித்தபடியால் ஊர் திரண்டு வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, மேற்குப் பக்கத்து வேலிக்கு அங்கால் யாருடைய யன்னல் இருக்கிறது என்பதையும் பார்த்தது. அது கனிசியசின் யன்னல். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அன்றைய மீன் விலையைக் கதைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

வள்ளத்தின் பெயர் றோஸ். கொழும்பில் வேலை பார்த்த ஒரு எஞ்சினியர் ஞாயிற்றுக்கிழமைகளில் உலாப்போவதற்கென்று வைத்திருந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தபோது எரியாமல் மிஞ்சியது அது ஒன்றுதான், ஏனென்றால் அது தண்ணீரில் நின்றது. மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே ஓடிவந்து, ஆவணி மாதத்து ஒரு காலையில் குருநகர் இறங்குதுறையை அடைந்தார். தேக்குப் பலகை, வெள்ளைச் சாயம், உள்ளே மெத்தைக் கட்டில், யன்னலுக்குக் கண்ணாடி, கையால் பம்ப் அடிக்கிற ஒரு கக்கூசு. மனுசன் லண்டனுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். கயிற்றை எறிந்து, பிடிக்கிறவனுக்கே வள்ளம் என்று சொல்லிவிட்டார். பிடித்தவன் சிமியோன். விடிந்ததிலிருந்து அதே இடத்தில் நின்ற கனிசியஸ், சிமியோனின் தங்கை லூர்த்தம்மாவைக் கட்டியவன், அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது சாவி சிமியோனின் மடியில் இருந்தது. அதற்குப் பிறகு கனிசியஸ் தேத்தண்ணி குடித்ததை ஒருவரும் காணவில்லை.

இதில் கனிசியசின் வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் இயந்திரம் தெரிந்தவன். குருநகரில் எந்த வள்ளத்தின் எஞ்சின் இருமினாலும் அவனிடம்தான் கொண்டுபோவார்கள். சிமியோனுக்கு வலை தெரியும், நீரோட்டம் தெரியும். எஞ்சினுக்கு எது முன்பக்கம் என்பது தெரியாது. கடலில் நேவி திரியத் தொடங்கி, தொழிலுக்குப் போகிறவர்கள் உடலாகத் திரும்பி வந்த நாளில், தெருவே சேர்ந்து றோசைப் பனங்குற்றியில் உருட்டிச் சிமியோனுடைய வளவுக்குள் கொண்டுவந்து ஏற்றியது. அன்றே அவன் தீர்மானித்துவிட்டான்: றோசில் தன் கையைத் தவிர இன்னொரு கை படக்கூடாது. சாயம் அடிப்பதும் தானே, கலப்பத்து அடிப்பதும் தானே. பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கிற அந்த வேலையைச் செய்து செய்து பழகியவர்களே பயந்து பயந்துதான் செய்வார்கள். சிமியோன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரிச் செய்தான். யன்னலில் நின்று பார்த்த கனிசியசுக்குக் கை துடித்தது.

"மச்சான், முதல் எண்ணெயைப் பூசி ஊறவிடு. பிறகுதான் சாயம்," என்று ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னான்.

"என்ரை வள்ளம். எனக்குத் தெரியும்," என்றான் சிமியோன்.

அதோடு மச்சான்மார் இருவரும் கதை பேச்சை விட்டார்கள். முதல் சிப்பி வந்தது அந்தக் கிழமைதான்.

சிமியோன் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை தோறும் இரும்புச் சுரண்டியோடு இறங்கிச் சிப்பியைச் சுரண்டினான்; திங்கட்கிழமை அது மறுபடி முளைத்தது. கோயில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சிப்பிகள் வாயைத் திறந்து தீர்த்தத்தைக் குடித்துவிட்டு மூடிக்கொண்டன. புதுவீடு கட்டுகிறவர்கள் கண்ணூறு படாமல் வெருளி கட்டி நிறுத்துவார்கள் அல்லவா, அது நினைவுக்கு வந்து சிமியோனும் வைக்கோல் அடைத்து ஒரு வெருளி செய்து, றோசின் சுக்கானைப் பிடித்தபடி நிறுத்தி வைத்தான். எஞ்சின் துடைக்கவென்று லூர்த்தம்மா முன்னொருக்கால் கொடுத்த பழைய சேட் ஒன்று கிடந்தது. யோசிக்காமல் அதையே வெருளிக்கு மாட்டினான். மறுநாள் காலையில் கனிசியஸ் யன்னலைத் திறந்தபோது, தன்னுடைய சேட் றோசை ஓட்டிக்கொண்டு நின்றது. தனக்குக் கிடைக்காத இடம் தன் சேட்டுக்குக் கிடைத்ததை எந்த மனுசன் பொறுப்பான்? பொழுதுபடுவதற்குள் மேற்குப் பக்கத்தில் சிரட்டையளவு சிப்பிகள் வந்துவிட்டன.

பொறாமை அவனுக்கு மட்டும் சொந்தமானதென்றும் சொல்ல முடியாது. சிமியோனின் மனைவி அருமைநாயகி அந்த வள்ளத்தை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அவள்" என்றே சொன்னாள். கலப்பத்துக்குப் பஞ்சு தட்டுப்பாடானபோது அருமைநாயகியின் தலையணை போனது. யன்னல் திரைக்கு அவளுடைய கலியாணச் சீலை போனது. "எனக்கு ஒரு சோடிச் செருப்பு வாங்கித்தர வக்கில்லை, அவளுக்குச் சீலை கேக்குதாம்," என்று அவள் கத்தியது சந்திவரைக்கும் கேட்டது. அவளுடைய பார்வைக்குச் சிப்பி வளரவில்லை. சாயம் மட்டும் உரிந்தது. ஆளாளுக்குப் பலம் வித்தியாசப்படும்தானே.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை, சாயமும் இல்லை. மற்றவர்கள் இருந்ததைக் காப்பாற்றப் பாடுபட்ட அந்த வருடங்களில்தான் சிமியோன் றோசைத் திருத்தித் திருத்திப் புதுமை செய்தான். சைக்கிள் டைனமோவைப் பூட்டி, மிதித்தால் உள்ளே விளக்கு எரிய வைத்தான். மோட்டார் சைக்கிள்காரர் செய்ததைப் பார்த்துப் பழகி, சேலைன் குழாயால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும்படி எஞ்சினை மாற்றினான். ஷெல் விழுந்து கண்ணாடி உடைந்தபோது எக்ஸ்ரே படங்களை ஒட்டி மறைத்தான்; வெயில் நேரத்தில் யார் யாருடையவோ விலா எலும்புகள் மெத்தைமேல் விழுந்தன. இயக்கப் பொடியள் ஒருதரம் வந்து வள்ளத்தைக் கேட்டார்கள். மேற்குப் பக்கத்தைத் தட்டிப் பார்த்து, இந்தப் பாரத்தோடு ஓடேலாது என்று விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் சுரண்டியும் தேய்ந்து கரண்டியாகிவிட்டது. சிமியோன் மேற்குப் பக்கத்தைக் கைவிட்டு, ஊருக்குத் தெரிகிற கிழக்குப் பக்கத்தைக் கவனித்தான். அந்தப் பக்கம் பார்ப்பதற்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கனிசியசின் யன்னலுக்கு அது தெரியாது.

1995 ஐப்பசி முடிகிற நேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று தெருத்தெருவாய்ப் போய் எல்லோரையும் வெளிக்கிடச் சொன்னது. ஆமி கிட்ட வந்துவிட்டது. மழை கொட்டியது. செம்மணி வீதியில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரு அடி வைப்பதற்கு ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்தது. லூர்த்தம்மா ஆனி மாதம் ஷெல்லுக்குப் பதுங்குகிற பங்கருக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். அவளைச் சைக்கிளில் இருத்தேலாது, தோளில் சுமந்துகொண்டு அந்த நெரிசலில் நிற்கவும் ஏலாது. கனிசியஸ் கதவைச் சாத்திவிட்டு அவளுடைய கட்டிலடியில் இருந்துவிட்டான். வருவது வரட்டும் என்ற முகம்.

மறுநாள் காலை, மிஞ்சியிருந்த ஆட்களை வைத்து சிமியோன் றோசைத் தண்ணீருக்குள் தள்ளினான். பதினொரு வருடத்துக்குப் பிறகு அது மிதந்தது. மிதந்து கொஞ்ச நேரத்தில் கிழக்குப் பக்கம் சாயத் தொடங்கியது. வெயிலில் சுருங்கிய பலகை, பிழையாக அடித்த கலப்பத்து, தலையணைப் பஞ்சு, எல்லாம் ஒன்றாய் வாயைத் திறந்தன. மேற்குப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கவில்லை. அங்கே சிப்பி ஒன்றோடொன்று இறுகி, கோயில் மதில் மாதிரி நின்றது. சிமியோன் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஈரச் சாரத்தோடு வந்து கனிசியசின் கதவைத் தட்டினான்.

"லூர்த்தைத் தூக்கிக்கொண்டு வா மச்சான்."

"உன்ரை வள்ளத்திலை எனக்கென்ன வேலை?"

"கிழக்குப் பக்கத்தாலை தண்ணி வருது. வந்து இருந்து பார்."

கனிசியசுக்கு விளங்கியது. லூர்த்தம்மாவை மெத்தைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒரு கதிரையைக் கிழக்குப் பக்கத்துப் பலகைக்கு நேரே போட்டு அதில் கனிசியசை இருத்தினார்கள். அவன் மெத்தையைப் பார்த்தான், பித்தளைக் கைபிடியைப் பார்த்தான், பம்ப் அடிக்கிற கக்கூசைப் பார்த்தான். இவ்வளவு கிட்ட இருந்து அவன் றோசைப் பார்த்தது அதுதான் முதல்தரம். கதிரைக்கு முன்னால் பலகை இடுக்குகளில் சிப்பிகள் படபடவென்று முளைத்து அடைத்துக்கொண்டன. ஷெல் எட்டாத கச்சாய்க் கரைக்குப் போவதென்று தெருச் சனம் ஏறியது. எஞ்சின் கிளம்பியது.

பாதி வழியில் ஒரு பிரச்சினை வந்தது. லூர்த்தம்மா நோவில்லாமல் கண்ணயர்ந்து கிடந்ததைக் கனிசியஸ் கண்டுவிட்டான். மழை அவள்மேல் படவில்லை. அவனுடைய மனம் இளகியது. சிமியோனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமோ என்று கூட நினைத்தான். உடனே ஒரு சிப்பி கழன்று விழுந்து, தண்ணீர் பீறிட்டது. அருமைநாயகி யன்னலில் திரையாய்த் தொங்கிய தன் கலியாணச் சீலையைக் கழற்றி ஓட்டைக்குள் திணித்தபடி கத்தினாள். லூர்த்தம்மா கண்ணை விழித்து, நிலைமையைப் பார்த்து, தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"இஞ்சேருங்கோ, எங்கடை அண்ணை ஓட்டுறதைப் பாருங்கோ. ராசா மாதிரி. உதுக்கெல்லாம் ஒரு குடுப்பினை வேணும்," என்றாள்.

கனிசியசின் வயிறு பற்றி எரிந்தது. தண்ணீர் நின்றது. மனைவி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

கச்சாய்க் கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய்க்குள் மழைத்தண்ணீர் போயிருந்தது. சிமியோன் மூடியைத் திறந்தான், மூடினான், ஊதினான், புனித யாகப்பரைக் கூப்பிட்டான். காற்று வள்ளத்தைத் திருப்பி, வந்த பக்கத்துக்கே தள்ளியது. அந்தப் பக்கத்தில்தான் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. கனிசியஸ் கதிரையை விட்டு எழும்பினான்.

"தள்ளு," என்றான்.

சிமியோன் தள்ளி நின்றான். பதினொரு வருடமாய்த் துடித்த கை, ஒரு சாமான் கூடக் கீழே விழாமல் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பூட்டியது. எஞ்சின் இருமலில்லாமல் கிளம்பியது. சுக்கான் பக்கத்திலேயே இருந்தபடியால் கனிசியஸ் அதைப் பிடித்தான். பிடித்தவுடன் அவனுடைய முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது. கிழக்குப் பக்கத்துச் சிப்பி அத்தனையும் கொட்டுண்டது.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, பிறகு நின்றுவிட்டது. அருமைநாயகிதான் முதலில் திரும்பிப் பார்த்தாள். கனிசியசின் கதிரையில் சிமியோன் இருந்தான். தன்னுடைய றோசின் சுக்கானில் இன்னொருத்தனின் கை இருப்பதை, அதுவும் தன்னைவிட நன்றாக இருப்பதை, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. அவனுடைய காலடியில் சிப்பி வளர்ந்தது. கனிசியசுடையதைப் போலக் கறுப்பாக இல்லை, வெள்ளையாக இருந்தது. புதுப் பொறாமை என்றபடியால் விரைவாகவும் வளர்ந்தது.

கச்சாயில் இறங்கிய சனம் கொடிகாமத்துக்கு நடந்துபோனது. லூர்த்தம்மாவை ஒரு மாட்டு வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மச்சான்மார் இருவரும் கரையிலேயே தங்கி, கடலேரி கடக்கவென்று கிளாலிக்குப் போகிற குடும்பங்களை ஏற்றி இறக்கினார்கள். ஒருநாள் ஒருவன் ஓட்டினால் மற்றவன் கதிரையில் இருந்தான்; மறுநாள் மாறினார்கள். சிப்பியைச் சுரண்டுகிற கதையே எழவில்லை. லூர்த்தம்மா பொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த அன்று மட்டும் இருவருக்கும் ஒரே நேரத்தில் மனம் குளிர்ந்துபோய், றோஸ் கரையோரமாக முழங்காலளவு தண்ணீரில் அமைதியாக அமிழ்ந்து இருந்துவிட்டது. அருமைநாயகி தேத்தண்ணிக் கடைக் கதையைக் கிளறிவிட்டு, இருவரையும் நன்றாகச் சண்டை பிடிக்க வைத்து அதை எழுப்பினாள். அதற்குப் பிறகு அவள் அந்த வள்ளத்தை றோஸ் என்று கூப்பிட்டாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை கனிசியசின் முறை. சனம் ஏறிக்கொண்டிருந்தது. சிமியோன் கரையிலிருந்த கடையில் ஒரு பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி, வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான். பன்னிரண்டு வருடமாய்த் தேத்தண்ணி தொடாத கனிசியஸ் கோப்பையைப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தான்.

"இண்டைக்கு நீ ஓட்டு மச்சான்," என்றான். "நான் இருந்து எரியிறன்."

சிமியோன் சுக்கானைப் பிடித்தான். வள்ளம் நிறைய ஆட்கள், மேலே மூட்டைகள், ஒரு ஆடு. கிளாலிக் கரை வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.