மூன்று ஹெட்போனும் ஒரு நாற்காலியும்

டிரைவருக்கு ஓசியில் வருகிற எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஒருத்தன் சும்மா கொடுக்கிறான் என்றால் பதிலுக்கு எதையோ பிடுங்கப் போகிறான் என்பது அவர் கணக்கு. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தான், மூணு ஹெட்போன் கொண்டாந்திருக்கேன். போட்டுப் பாருங்க. பிடிச்சதை எடுத்துக்குங்க" என்று சொன்னபோது, அவர் நாற்காலியின் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாற்காலி கூடத்து மூலையில் கிடந்தது. அதில் உட்கார்ந்தால் வாசல் தெரியும், அடுப்படி தெரியும், இரண்டு அறைகளின் கதவும் தெரியும். லாரியை விட்டு இறங்கிய பிறகு அவருக்குக் கிடைத்த சீட் அதுதான். பக்கத்து ஸ்டூலில் ஒரு ஸ்பீக்கர். எஞ்சின் இரைச்சலிலேயே ஆயுசைக் கழித்த காது என்பதால், அவர் பாட்டுப் போட்டால் மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. மருமகள் உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறாள். போன வாரம் பாடம் நடக்கும்போதே ஒரு பயல், "மிஸ், உங்க வீட்டுல ஓடுற பாட்டை முதல்ல இருந்து போடச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. நிர்வாகத்தில் இருப்பவர்கள் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதெல்லாம் டிரைவருக்குப் புரியாமல் இல்லை. மருமகளின் வேலை போகவேண்டும் என்று அவர் நினைக்கிற ஆளும் இல்லை. ஆனால் காதை அடைத்துக்கொண்டு உட்காருவது என்றால் அவருக்குக் குலை நடுங்கியது. காரணம் இருக்கிறது. ஒருநாள் மதியம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில், அவருடைய பழைய கட்டிலை இந்த வீட்டார் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டார்கள். கேட்டதற்கு, "உங்ககிட்ட சொல்லிட்டுதான் செஞ்சோம், நீங்க 'ம்' போட்டீங்க" என்றார்கள். தூக்கத்தில் போட்ட 'ம்'. அன்றிலிருந்து அவர் காதைத் தீட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறார். போதாததற்கு, இந்த வாரம் மருமகள் டேப்பை வைத்து அவருடைய மூலையை அளந்துகொண்டிருந்தாள். "என்னம்மா அளக்குற?" என்று கேட்டால், "சும்மாதான் மாமா" என்கிறாள். சும்மா யாராவது சுவரை அளப்பார்களா? முதலில் காதுக்கு மூடி, அப்புறம் நாற்காலிக்குப் பின்கட்டு. அவருக்குப் பாதை தெளிவாகத் தெரிந்தது.

மச்சினனுக்கு வீட்டில் 'ஒயர்' என்று பெயர். சின்ன வயதிலிருந்தே கழுத்தில் ஒரு ஒயர் தொங்காமல் அவனை யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சம்பாதிக்கிறதில் பாதி காதுக்குப் போகிறது. அவன் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, கைக்குட்டையால் ஒவ்வொன்றையும் துடைத்தான்.

"மூணுக்கும் ஒரே பாட்டு, ஒரே சத்தம். அப்பதான் நியாயமா ஒப்பிட முடியும். கண்ணுல துண்டைக் கட்டிடுவேன் அத்தான். எதைப் போடுறேன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது."

"கண்ணையும் கட்டி, காதையும் அடைச்சு, எந்த ஊருக்கு மாப்ள ஏத்தி விடப்போற?"

"ஐயோ, இது உலகம் பூரா செய்யுற முறை அத்தான்."

"செய்யட்டும். என் கண்ணு திறந்தேதான் இருக்கும்."

அடுப்படி வாசலில் நின்றிருந்த அவர் மனைவி, "தம்பி, அந்த மனுஷன்கிட்ட மல்லுக்கட்டாத. உன் தொண்டைதான் வறண்டு போகும்" என்றாள்.

முதல் ஹெட்போன் கறுப்பு. தோல் மெத்தை வைத்தது. காதைச் சுற்றி உட்கார்ந்தபோது தலையணையில் முகம் புதைத்த மாதிரி இருந்தது. ஒயர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். அவ்வளவுதான், மின்விசிறி செத்தது. ஃபிரிட்ஜ் செத்தது. தெருவில் போன வண்டியெல்லாம் செத்தது. டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி ஓர் அமைதி. அதன் நடுவே பாட்டு வந்தது. அடித்தொண்டைச் சத்தமெல்லாம் கும்மென்று நெஞ்சில் உட்கார்ந்தது. குறை சொல்ல முடியாது.

ஆனால் எதிரே மனைவி வாயசைத்தாள். ஒயர் சிரித்தான். மருமகள் அறையிலிருந்து வெளியே வந்து ஏதோ சொல்லிக்கொண்டே விரலை நீட்டினாள். எங்கே? அவர் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்து. மூன்று பேரும் திரும்பி அந்த மூலையைப் பார்த்தார்கள்.

டிரைவர் ஹெட்போனைப் பிடுங்கினார். "என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு விரலை நீட்டணும்?"

"ஒட்டடை மாமா. உங்க தலைக்கு மேல இருக்கு" என்றாள் மருமகள்.

நிமிர்ந்து பார்த்தார். ஒட்டடை இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் அவர் மனசு ஆறவில்லை. ஒட்டடை எப்போதும் எங்கேயாவது இருக்கும், சாக்குக்கு உதவும்.

"இது ஆகாது. காது புழுங்குது. லாரி ஓட்டினப்ப கொட்டுற மழையிலகூட நான் கண்ணாடியை முழுசா ஏத்தினது கிடையாது. பின்னால வர்றவன் ஹாரன் கேக்கணும், டயர் சத்தம் கேக்கணும். இதைப் போட்டா ஆளு இருந்தும் இல்லாத மாதிரி."

ஒயர் இரண்டாவதை இரண்டு கையாலும் எடுத்தான், பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. மரத்தில் கடைந்த கிண்ணங்கள், இரும்புப் பட்டை. "இதுதான் ராஜா. இதுக்கு மேல ஒண்ணு கிடையாது" என்று சொல்லி, ஒரு சிறிய பெட்டியில் ஒயரைச் சொருகி, பெட்டியை டிரைவர் மடியில் வைத்தான். அதில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது.

பாட்டு ஆரம்பித்ததும் டிரைவர் வாயைப் பிளந்தார். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. ஆனால் பாடுகிறவன் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சை இழுக்கிறான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தபலாவில் விரல் விழுவதும், விழுந்த பிறகு தோல் அதிர்வதும் தனித்தனியாகக் கேட்டது. பின்னால் ஒரு வயலின்காரன் மெல்ல, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்தான். இத்தனை காலம் இவன் எங்கே இருந்தான்? டிரைவருக்குக் கண் தானாக மூடிக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது கூடத்தில் யாரும் இல்லை.

அடுப்படியிலும் தலை தெரியவில்லை. கட்டில் போன நாள் ஞாபகம் சுருக்கென்று குத்தியது. எழுந்திருக்கப் பார்த்தார், கழுத்து வர மறுத்தது. உச்சந்தலையில் மூட்டை ஏற்றிய மாதிரி பாரம். மூக்குக்கண்ணாடியின் காம்பு இரண்டு பக்கமும் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது. கழற்றியபோது காது மடல் திகுதிகுவென்று எரிந்தது.

மூவரும் பால்கனியிலிருந்து வந்தார்கள், கையில் காய்ந்த துணியோடு. மழை தூறல் போட்டதாம்.

"எப்படி அத்தான்?" என்று ஒயர் ஆவலாகக் கேட்டான்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்லக்கூடாது. ஆனா இதைச் சுமக்கக் கூலிக்கு ஒரு ஆள் போடணும். காதுக்குச் சொர்க்கம், கழுத்துக்கு ஜெயில்."

ஒயர் முகம் விழுந்துவிட்டது. தயங்கித் தயங்கி மூன்றாவதை அதே பெட்டியில் சொருகி, அவர் பக்கம் தள்ளினான். சாம்பல் நிறம். பக்கவாட்டில் சல்லடை மாதிரி வலை. மெத்தை வெல்வெட் துணி, அதுவும் தேய்ந்திருந்தது. பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை. தலையில் வைத்தால் வைத்ததே தெரியவில்லை. அவருடைய பெரிய காது மடங்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. கண்ணாடிக் காம்பையும் அது ஒன்றும் செய்யவில்லை. பாட்டு வந்தபோது தலைக்குள்ளே வரவில்லை, வெளியே, எதிர்ச்சுவர் பக்கத்தில் கச்சேரி நடக்கிற மாதிரி விரிந்து வந்தது. கும்மென்ற சத்தம் கொஞ்சம் குறைவு. ஆனால் விசிறி கேட்டது. அடுப்படியில் கரண்டி விழுந்தது கேட்டது.

அப்போதுதான் டிரைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டார். துண்டுக்கு அடியில் கையை விட்டு, திருகை மெல்லத் திருகிச் சத்தத்தை அடியோடு இறக்கினார். பாட்டு போயே போய்விட்டது. அவர் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, பாட்டில் கரைந்துபோன ஆள் மாதிரி தலையை ஆட்டினார். தொடையில் விரலால் தாளமும் போட்டார். இன்றைக்கு எல்லாருடைய வண்டவாளமும் வெளியே வந்துவிடும்.

மனைவி அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் எதிரே நின்று துண்டுகளை உதறினாள்.

"அத்தை, என் கம்ப்யூட்டர் மேசையை இந்த மூலையில போட்டா எனக்கு வெளிச்சம் நல்லா கிடைக்கும். அளந்தும் பார்த்துட்டேன்" என்றாள் மருமகள்.

டிரைவருக்கு மூக்கு விடைத்தது. ஆனாலும் தாளம் தப்பவில்லை.

மனைவி ஒரு கணம் மடிப்பதை நிறுத்தினாள். அவருடைய மடியைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "மூலையைப் பத்தி மட்டும் பேசாதம்மா. அந்த நாற்காலியை நகர்த்தினா நடுவீட்டுல லாரி கவுந்த மாதிரிதான். உன் ரூம் ஜன்னல் பக்கம் அலமாரி நிக்குதே, அதைத் தள்ளிட்டு மேசையைப் போடு. அதைவிட வெளிச்சம் வரும்."

"அதுவும் சரிதான் அத்தை."

"அது மட்டும் இல்ல. இந்த மனுஷன் ரோட்டுலயே கிடந்த காலத்துல இந்த வீடு எப்படி இருக்கும் தெரியுமா? சுவர்க் கடிகாரத்தோட பேசிக்கிட்டிருந்தேன். இப்ப ஒரு சத்தம் இருக்கு. குறட்டை, இருமல், பாட்டு, சண்டை. அது பாட்டுக்கு இருக்கட்டும். மூலையில அவர் இல்லைன்னா குழம்புல ரெண்டு தடவை உப்பைப் போட்டுருவேன்."

டிரைவரின் தாளம் கொஞ்சம் தடுமாறியது. சமாளித்துக்கொண்டார்.

"நல்ல மனுஷன்தான்" என்று தொடர்ந்தாள் மனைவி. "ஆனா திருட்டுக் கை. சர்க்கரை இருக்குன்னு டாக்டர் சொன்ன பிறகும், பருப்பு டப்பாவுக்குப் பின்னால இருக்கிற கிரீம் பிஸ்கட்டுல தினம் ரெண்டுக்குக் கிரீம் மட்டும் காணாமப் போகுது. எலி கிரீமை நக்கிட்டுப் பிஸ்கட்டை மூடி வைக்குமா தம்பி?"

"வைக்காதுக்கா" என்றான் ஒயர்.

டிரைவரின் விரல் அப்படியே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. மனைவி குனிந்து, வலை போட்ட பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள்.

"பாட்டு நின்னு ரொம்ப நேரமாச்சுங்க. தாளம் மட்டும் எதுக்கு?"

டிரைவர் திருதிருவென்று முழித்தார். ஒயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான், அது திறந்த ஹெட்போன். வெளிச்சத்தம் உள்ள வர்ற மாதிரி, உள்ள ஓடுற பாட்டும் வெளியில கசியும். பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கொசு பாடுற மாதிரி கேக்கும். அக்காவுக்குக் கேட்டுச்சு. நின்னதும் தெரிஞ்சு போச்சு."

"அப்ப நீ பேசினதெல்லாம் என் காதுல விழட்டும்னு பேசினதா?" டிரைவர் விடுகிற ஆள் இல்லை.

"விழலைன்னா மட்டும் வேற மாதிரி பேசிருப்பேனாக்கும்? இந்த வீட்டுல உங்க முகத்துக்கு நேரா நான் சொல்லாதது எது இருக்கு? சொல்லுங்க பார்ப்போம்."

டிரைவர் யோசித்தார். கட்டில் விஷயம் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அதற்குக்கூட இவர் 'ம்' போட்டிருக்கிறார். மூலையைப் பற்றி அவர் பட்ட சந்தேகம் பாதியாவது சரியாகப் போனதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி. மீதிப் பாதி பொய்த்துப் போனதில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் திருப்தி. அதை அவர் வெளியே காட்டவில்லை.

"எனக்கு இதுதான் வேணும்" என்றார், சாம்பல் ஹெட்போனைத் தட்டி.

ஒயரின் சிரிப்பு பாதியில் அறுந்தது. "அத்தான்... அது... அது ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டாந்தது. நான் தினம் போடுறது. மத்த ரெண்டுல ஒண்ணு..."

"மூணுல பிடிச்சதை எடுத்துக்குங்கன்னு சொன்னது யாரு மாப்ள?"

"நான்தான்."

"சும்மா கொடுக்கிறப்ப யோசிச்சுக் கொடுக்கணும்."

"பாட்டு கசியும் அத்தான், கிளாசுக்குக் கேக்கும்" என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தான் ஒயர். மருமகள் உடனே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவருக்கு வேண்டிய அளவுக்குச் சத்தத்தை ஏற்றச் சொன்னாள். மைக்கில் பதிவு செய்து போட்டுக் கேட்டாள். வெளியே வந்து, "ஒரு பொட்டுச் சத்தம் இல்லை மாமா. தாராளமா கேளுங்க" என்றாள். வேலை தப்பித்த சந்தோஷத்தில் அவளே ஸ்டூலில் ஏறி ஒட்டடையும் அடித்தாள். ஒயர் சாம்பல் ஹெட்போனைக் கடைசியாக ஒருமுறை துடைத்து, திருகுப் பெட்டியோடு கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் பைக்குள் வைத்தான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவன் மாதிரி வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் காலை மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தாள். கூடத்தில் சத்தம் இல்லை. டிரைவர் மூலையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். இந்த முறை நிஜமாகவே கேட்டார். மனைவி முக்காலியை இழுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டு, காய் நறுக்க உட்கார்ந்தாள். வீட்டில் இத்தனை இடம் இருக்க இங்கேதான் உட்கார வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையைச் சாய்த்தாள்.

"இது அந்த மழைப் பாட்டுதானே? கொஞ்சம் ஏத்தி வையுங்க, எனக்குச் சரியா விழல."

அவர் திருகை ஏற்றினார். இரண்டு பேரும் பாட்டு முடியும் வரை கேட்டார்கள். முடிந்ததும் டிரைவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அந்த பிஸ்கட் டப்பாவை எங்க மாத்தி வெச்ச?"

"என்னது? சரியா கேக்கலையே" என்றாள் அவள், அடுத்த காயை எடுத்துக்கொண்டே.