மயூரனுக்குத் தண்ணீர் கிடையாது

1.

இந்தக் கதை ஒரு புகைப்படத்தின் மேல் வந்த வயிற்றெரிச்சலில் தொடங்கியது. கலிஃபோர்னியாவில், சன்னிவேல் நகரத்து வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிற நெடுஞ்செழியன் தன்னை 'அவன்' என்றுதான் எழுதுகிறான். 'நான்' என்று போட்டால் புகைவது வெளியே தெரிந்துவிடும்.

படத்தில் அவன் மனைவி கயல். நெவாடா எல்லையோரப் பாலைவன மலை. பின்னால் கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தின் வாய், காலடியில் ஒரு சுனை. முகமெல்லாம் ஈரமாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அவன் வீட்டில் பார்த்து ரொம்ப நாளாகிறது. படம் எடுத்தவன் மயூரன், ஹைக்கிங் குழுவைக் கூட்டிப்போகிறவன். (கயலை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அதனால் எரிச்சல் குறைந்துவிடுமா என்ன?)

2.

முதல் தொடக்கம்: 'சுரங்கத்துக்குள் எட்டிப் பார்த்த மயூரன் கால் தவறி—'

வேண்டாம். அப்புறம் கயலை யார் திரும்பக் கூட்டிவருவது?

இரண்டாவது: மயூரன் கைகாட்டிய சுனை வற்றிக் கிடக்கிறது. எல்லார் முன்னாலும் அசடு வழிகிறான். இதை எழுதும்போது நெடுஞ்செழியனுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வரியில்தான் உறைத்தது, காலி பாட்டிலோடு கயலும் அங்கேதான் நிற்கிறாள்.

யாராவது தண்ணீர் கண்டுபிடித்தாக வேண்டும். மயூரனுக்கு அந்தப் பெருமையைத் தர மனமில்லை. தானே கண்டுபிடித்ததாக எழுதலாம் என்றால், எப்படி என்று தெரியவில்லை. அவன் அந்த மலைக்குப் போனதே இல்லை. (கூப்பிட்டாள். ஆஃபீஸில் வேலை என்றான்.)

3.

வேறு வழியில்லாமல் எழுந்துபோய் அவளையே கேட்டான், மயூரன் எப்படித் தண்ணீரைக் கண்டுபிடித்தான் என்று.

"மயூரனா? மேப்ல இருந்த ஸ்ப்ரிங் காஞ்சு போயிருந்துச்சு. பாவம், அவன் பயந்துட்டான். மைன்காரங்க அந்தக் காலத்துல விட்டுட்டுப் போன கழுதைங்களோட வம்சம் இன்னும் அங்க சுத்துது. அதுங்க நடந்த தடமெல்லாம் ஒரே பக்கமா இறங்குச்சு. தண்ணிக்குத்தான் போகும்னு அதைப் பிடிச்சுப் போய் நான்தான் கண்டுபிடிச்சேன். வந்தன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க போட்டோ யார் எடுத்தாங்கன்னு மட்டும் கேட்டீங்க."

4.

ஆக, அது மயூரனுக்கான சிரிப்பு இல்லை. வயிற்றெரிச்சல் தீர்ந்ததா என்றால், இல்லை. இப்போது அது கழுதைகள் மேல் திரும்பியிருக்கிறது. அவளை அப்படிச் சிரிக்கவைத்தவை அவைதானே.

கயல் கதவருகே நிற்கிறாள். அடுத்த மாதமும் போகிறார்களாம்.

"வர்றீங்களா?" என்கிறாள்.

கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவன் மலையேற ஷூ வாங்கக் கிளம்புகிறான். அவனை எனக்கே நம்ப முடியவில்லை. இன்னொன்றில் ஆஃபீஸில் வேலை என்கிறான். கயல் சரி என்று சொல்லிவிட்டுப் போகிறாள், அதற்குப் பிறகு அவள் கேட்பதே இல்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

அவள் இன்னும் நிற்கிறாள். நீங்களே சொல்லுங்கள், நான்—