தாகம் எடுத்த வண்டி

"வண்டிக்கும் தாகம் எடுக்குமா அம்மா?"

சனிக்கிழமை காலையில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி மகள் இப்படிக் கேட்டாள். அம்மா அவள் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். "எடுக்கும்டா கண்ணு, தலையை ஆட்டாதே" என்று சொன்னவள், சீப்பைக் கீழே வைப்பதற்குள் அதை மறந்தும் போனாள். குழந்தைகள் கேட்பதற்கெல்லாம் நின்று காது கொடுக்க நமக்கு எங்கே பொழுது இருக்கிறது?

அந்த அம்மாவுக்கு வாகன உதிரிபாகக் கடையில் வேலை. மெக்கானிக்குகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே இன்ஜினின் சங்கதிகள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன. கடைக்கு வருகிறவர்கள் அவளைப் பிளக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் கணவரும் கேலியாக அப்படியே கூப்பிட ஆரம்பித்து, இப்போது கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிளக்கம்மா தங்கள் காரைக் கிளப்பியபோது அது குளிர்ஜுரம் கண்டதுபோல உதறியது. உறுமும், தடுமாறும், அணையப்போகும், மறுபடி பிடித்துக்கொள்ளும்.

"விக்கல் எடுக்குது. யாரோ நெனைக்கிறாங்க போல" என்றார் கணவர்.

"நெனைக்கிறது நம்ம அக்காதான். நாளைக்குக் காலையில அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ல?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பிளக்கம்மாவின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். சிறுநீரகம் கைவிட்டுவிட்டதால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை தவறாமல் நடக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கால் வீங்கி மூச்சு முட்டும். போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்பதால் அக்காவை அனுப்ப வாடகை வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வண்டிக்காரன் வருகிறேன் வருகிறேன் என்று கடைசிவரை வரவில்லை. பட்டறைகளுக்கோ இன்று விடுமுறை.

"என்னால முடியும்னு நெனைக்கிறேன். டார்ச்சைப் பிடிங்க" என்றாள்.

இன்ஜினுக்குள் தீப்பொறி போடும் நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒரு பழைய துணியில் வரிசையாக வைத்தாள். எல்லாம் ஒரே மாதிரி லேசான பழுப்பில், ஆரோக்கியமாகத்தான் இருந்தன. திருப்பி மாட்டி, இன்ஜின் ஓடும்போதே பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். செத்துப்போன சிலிண்டரின் இணைப்பை எடுத்தால் ஓட்டத்தில் மாற்றமே தெரியாது. இங்கே எதைக் கழற்றினாலும் இன்ஜின் இன்னும் மோசமாகத் தள்ளாடியது.

"அப்போ எல்லாமே நல்லவங்களா?"

"நாலும் வேலை செய்யுது, நாலும் தடுமாறுது. ஒருத்தன் பண்ற தப்பு இல்லைங்க. நாலு பேருக்கும் பொதுவா வர்ற எதுலயோ கோளாறு."

"நாலு பேருக்கும் ஒரே சமையல். சமையல்காரனைப் பிடி."

"அதேதான்! பெட்ரோல்!"

இன்ஜினை அணைத்து, ஆறும்வரை காத்திருந்தாள். அக்கா ஜன்னலிலிருந்து, "அடியே, பிரிச்சுப் போட்டுட்டு ஒரு நட்டை மிச்சம் வச்சிடாதே" என்று குரல் கொடுத்தாள்.

"மிச்சமானா உனக்கு மூக்குத்தி பண்ணிப் போடறேன்க்கா."

பெட்ரோலை வடிகட்டும் பில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் விட்டு, கணவரிடம் சாவியைக் கொஞ்சம் திருப்பச் சொன்னாள். பம்ப் முனகியது. ஜாடியில் பெட்ரோல் ஏறியது. அதை மூடி நிழலில், யார் கையும் படாத இடத்தில் வைத்தாள். சற்று நேரத்தில் மேலே பெட்ரோலும் அடியில் நிறமற்ற வேறொன்றும் தனித்தனியாகப் பிரிந்தன. நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு.

"தண்ணி" என்றார் கணவர்.

"ஐ, தாத்தா ஊத்தின தண்ணி!" படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மகள் கைதட்டினாள். "நம்ம வண்டிக்குத் தாகமா இருந்துச்சுல்ல, கடிகார தாத்தா கேன்ல கொண்டாந்து ஊத்தினாரே!"

பிளக்கம்மாவுக்குச் சனிக்கிழமைக் கேள்வி இப்போதுதான் உறைத்தது.

கடிகாரம் பழுது பார்க்கும் கடிகாரக்காரர் கீழ்வீட்டில் இருப்பவர். மனைவிக்கு நுரையீரல் பலவீனம். மின்சாரத்தில் ஓடும் கருவிதான் அந்த அம்மாளுக்கு மூச்சு. அவளை டாக்டரிடம் காட்ட வெள்ளிக்கிழமை இந்த வண்டியைத்தான் வாங்கிப் போனார். "பெட்ரோல் எல்லாம் போட வேண்டாம் மாமா" என்று பிளக்கம்மா அழுத்திச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள். மனிதர் கேட்டாரா? மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவருடைய கேனைப் போய்த் தூக்கிப் பார்த்தாள். மூடியை இறுக்கும் ரப்பர் வாஷர் இல்லை. மேலே, ஜாயின்ட்டில் ஈரம் கசிந்து துளியாகத் திரண்டு நிற்கும் தண்ணீர்க் குழாய். சொட்டுச் சொட்டாகக் கேனுக்குள்தான் இறங்கியிருக்கிறது.

"நல்லா உபகாரம் பண்ணாரு மனுஷன்" என்றார் கணவர். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு? இந்தக் கேன் எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு? கரண்ட் போனா ஜெனரேட்டருக்கு ஊத்த வச்சிருக்கிறது. மாமியோட மூச்சுல இருந்து எடுத்து நமக்குக் குடுத்திருக்காரு."

கணவர் எடுத்து வைத்த அடியைப் பின்வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கடிகாரக்காரரே கையை வேட்டியில் துடைத்தபடி வந்து நின்றார். "என்னம்மா, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?"

"தாத்தா, நீங்க..." என்று மகள் ஆரம்பித்தாள். அப்பா அவளை அப்படியே அள்ளித் தோளில் உட்கார்த்தி, "யானை, யானை!" என்று தெருவாசல் வரைக்கும் ஓடினார்.

"பில்டர் மாத்தணும் மாமா. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்" என்றாள் பிளக்கம்மா. "உங்க ஜெனரேட்டர் எப்படி ஓடுது?"

"கடவுள் புண்ணியம், இந்த மாசம் கரண்டே போகலை. டேங்க்ல முன்னாடி ஊத்தினதே கிடக்கு. தீர்ந்தா கேன்ல இருந்து ஊத்திக்குவேன்." கிளம்பியவர் திரும்பி நின்றார். "அன்னிக்கு உன் வண்டி மட்டும் இல்லேன்னா மாமியை எப்படித் தூக்கிட்டுப் போயிருப்பேனோ. நன்றி சொல்ல வார்த்தை வரமாட்டேங்குதும்மா."

"சொல்லிட்டீங்களே மாமா."

அவர் தலையசைத்து உள்ளே போனார். அந்தப் பெட்ரோலைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

டேங்கின் அடிநட்டைத் திருகி எல்லாவற்றையும் வடித்தார்கள். கடையின் சாவி பிளக்கம்மாவிடமே இருந்ததால், முதலாளிக்குப் போனில் சொல்லிவிட்டுப் புது பில்டர் எடுத்து வந்தாள். கூடவே ஒரு ரப்பர் வாஷரும். கணவர் பங்க்கில் வாங்கிவந்த பெட்ரோலை ஊற்றிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இரண்டு முறை செருமி, பிறகு தூங்கி எழுந்த குழந்தை போலச் சமர்த்தாக ஓடியது.

பரிசோதனைக்கு அக்காவையே பின்சீட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினார்கள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"பாதி வழியில கண்ணசந்துட்டேன்டி" என்றாள் அக்கா. அதற்கு மேல் ஒரு நற்சான்றிதழ் எந்தப் பட்டறையும் வாங்கியிருக்காது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கடிகாரக்காரர் வீட்டில் பிரார்த்தனைக் குரல் எழுந்தது. மனைவிக்கு மூச்சு வாங்காதபடி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கணவர் மாடியில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பிளக்கம்மா தனியாகப் படியிறங்கினாள்.

கேனில் மிச்சமிருந்ததைக் கழிவு டப்பாவில் கொட்டினாள். கொஞ்சம் நல்ல பெட்ரோல் விட்டுக் குலுக்கி அதையும் கொட்டினாள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. வாஷரை மூடிக்குள் விரலால் அழுத்திப் பொருத்தினாள். கேனில் பழைய பெட்ரோலின் கறைக்கோடு எங்கே இருந்ததோ, அந்த மட்டத்துக்கே புதுப் பெட்ரோலை ஊற்றினாள். கூட ஊற்றினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மூடியை இறுக்கி, கேனைக் குழாய்க்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளி, ஆனால் கைப்பிடி அவர் வைத்திருந்த அதே பக்கம் பார்க்க வைத்தாள். உள்ளே பிரார்த்தனை முடியும் வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.