கை நனைத்த ஞாயிறு

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி வள்ளியம்மை, எங்கள் ஒரே மகள் லீலாவதி, புசா ரோடிலிருந்து வந்திருந்த என் தங்கை ருக்மிணி. வந்தவர்கள் மூவர்: அரசாங்க அச்சகத்தில் ஃபோர்மனாக இருந்த ஜோதிலிங்கம், அவர் மனைவி ராஜம், அவர்கள் மகன் வேணு. வேறு யாரும் இல்லை. அமைச்சகத்தில் பணிக்காலம் முழுவதும் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். யார் இருந்தார்கள் என்பது சரியாக இருந்தால்தான் மற்றது நிற்கும்.

இடம், ஜனக்புரியில் எங்கள் வீட்டு முன்னறை. ஆசியாட் விளையாட்டுப் போட்டி வேலைக்காக டெல்லிச் சாலைகளையெல்லாம் தோண்டிப் போட்டிருந்த 1982ஆம் வருஷத் தொடக்கம், குளிர்காலம்.

அந்த அறையில்தான் லீலாவதி மாலை வேளைகளில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தாள். பகலில் அவளுக்குப் பள்ளிக்கூட வேலை. மாலையில் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடும் நம் ஊர்க்காரர்கள் சிலர், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள் சிலர், அவளிடம் வந்தார்கள். சாப்பாட்டுப் பேச்சிலிருந்துதான் தொடங்குவாள். தினமும் எல்லாரும் பேசியே தீர வேண்டியது அது ஒன்றுதான் என்பாள். நான் உள்ளறையில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பேன். காதில் விழும்.

"நேத்து ராத்திரி?"

"ஐ ஹேட் எ டின்னர்." இது வேணு.

"எ வேண்டாம். ஐ ஹேட் டின்னர். பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர், சும்மா சொன்னா முன்னால ஒண்ணும் போடக் கூடாது."

"அச்சா. ஐ ஹேட் ஹெவி டின்னர்."

"இப்ப எ வேணும். எ ஹெவி டின்னர்."

"ஏன் டீச்சர், வயிறு நெறஞ்சாத்தான் எ வருமா?"

"அரை வயிறுன்னாலும் வரும். எ லைட் டின்னர். எப்படிப்பட்ட சாப்பாடுன்னு சொன்னா எ போடணும்."

"அப்ப தி?"

"எந்தச் சாப்பாடுன்னு குறிப்பா சொன்னா. தி டின்னர் யுவர் மதர் குக்ட்."

"அம்மா சமைச்சா தி. டீக் ஹை. எங்கம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். லீலாவதியும் சிரித்தாள். அவள் சொல்லிக்கொடுத்ததில் நான் திருத்த வேண்டியது எதுவும் இருந்ததில்லை.

வேணு ஒரு வங்கியில் குமாஸ்தா. வெளிநாட்டுக் கிளைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத் தேர்வோடு பெரிய அதிகாரிகளுடன் விருந்தும் உண்டு என்று அதற்காகப் படிக்க வந்தான். தேர்வு முடிந்தது. அவன் வருவது நிற்கவில்லை. அதை நான் கவனித்திருந்தேன்.

ஒருநாள் வள்ளியம்மை தண்ணீர்ச் செம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"அவ அந்த வேணுவைத்தான் கட்டிக்கிடுவேன்னு சொல்லுதா."

"என்ன வகையறான்னு விசாரிச்சியா?"

"விசாரிச்சேன். நம்மாளுக இல்ல."

"அப்புறம் என்ன பேச்சு?"

"பேச்சு ஒண்ணுமில்ல. அவ சொன்னதச் சொன்னேன்."

லீலாவதியைக் கூப்பிட்டேன். அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "அவங்க வீட்டுப் பெரியவங்க வந்து கேக்கட்டும்ப்பா. நீங்க முடியாதுன்னு சொன்னா அவரை அப்புறம் பாக்க மாட்டேன். ஆனா வேற யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேன்" என்றாள்.

வரச் சொன்னேன். மறுப்பதைக் கடிதத்திலோ இன்னொருவர் மூலமாகவோ சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சாட்சிக்கு ருக்மிணியை வரவழைத்தேன். கேசரியும் காபியும் போதும் என்று வள்ளியம்மையிடம் சொல்லிவைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தொடலாம், காபி குடிக்கலாம். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். திருநெல்வேலியிலும் அப்படித்தான், ஜோதிலிங்கத்தின் மதுரைப் பக்கத்திலும் அப்படித்தான்.

காலையில் வர வேண்டியவர்கள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்கள்.

"மன்னிக்கணும்யா. பஸ்ஸு ஊரச் சுத்திட்டு வருது. ரோட்டை இன்னும் கொஞ்சம் தோண்டுனா மதுரையே தெரிஞ்சிரும் போல" என்றார் ஜோதிலிங்கம்.

நான் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னேன். லீலாவதி கேசரி கொண்டுவந்து வைத்து, வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ராஜம் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையன் பசியோட வந்திருக்கான் போல. தட்டு காலியாயிட்டே" என்றாள் ருக்மிணி.

"அவனுக்கு எப்பவும் பசிதான்" என்றாள் ராஜம். ருக்மிணி சொன்னதில் குத்தல் இருந்தது ராஜத்துக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காபி முடிந்தது. ஜோதிலிங்கம் துண்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"ஒங்க பொண்ண எங்க வீட்டுக்குக் கேக்க வந்திருக்கோம். நீங்க வேற, நாங்க வேறங்கிறது எனக்கும் தெரியும். யோசிச்சுத்தான் வந்தோம்."

சொல்ல வேண்டியதை நான் முந்தின நாளே மனத்தில் எழுதி வைத்திருந்தேன். நான்கு வாக்கியம். "உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு" என்பது முதல் வாக்கியம். அதைச் சொல்லி முடித்தேன்.

அப்போது லீலாவதி வெளியே வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற அதே குரலில், வேணுவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: நீங்களும் உங்கள் அப்பா அம்மாவும் எங்களோடு லஞ்ச் சாப்பிடுகிறீர்களா என்று.

அவன் எழுந்து நின்றான். நன்றி, சாப்பிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

இரண்டு வாக்கியமும் சரியாக இருந்தன. கூடுதலாக ஒரு சொல் இல்லை, குறைவும் இல்லை. ஆங்கிலத்தில் அது தினமும் எத்தனையோ வீடுகளில் சொல்கிற உபசார வார்த்தை. அந்த அறையில் அது வேறு. அவர்கள் இருவருக்கும் அது தெரியும்.

"என்னடா கேக்குது?" என்றாள் ராஜம்.

"சாப்பிடச் சொல்றாங்கம்மா. சரின்னுட்டேன்."

ருக்மிணிதான் முதலில் வாய் திறந்தாள். "ஏட்டி, ஒன்ன யாரு கூப்பிடச் சொன்னா? பெரியவுக இருக்கது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது அத்தை. அதான் அவங்க முன்னாலயே கேட்டேன்."

ஜோதிலிங்கம் எழுந்தார். மகனை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "சின்னஞ்சிறுசுக பேசினத விட்ருங்கய்யா. வீட்டுக்குப் பெரியவரு நீங்க. நீங்க சொல்லாம நாங்க எல முன்னால ஒக்கார மாட்டோம். போகச் சொன்னா போயிர்றோம். மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டோம்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் ருக்மிணி.

நான் எழுந்து தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அங்கே பெரிய பாத்திரத்தில் சோறு வடித்திருந்தது. சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம். கரோல் பாகில் மட்டும் கிடைக்கிற வாழை இலை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தது.

"எல எப்ப வாங்கின?" என்றேன்.

"நேத்து. நல்லாருந்துச்சு, வாங்கினேன்" என்றாள் வள்ளியம்மை. என்னைப் பார்க்கவில்லை.

அப்போது எனக்குக் கோபம் வந்ததா என்று பின்னால் பலர் கேட்டிருக்கிறார்கள். வரவில்லை. எதுவும் வரவில்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தது மட்டும் தெரிந்தது. எங்கள் வகையறாவில் இல்லாத இடத்தில் பெண் கொடுத்ததில்லை. சாப்பிடுகிறோம் என்று சொன்னவர்களை எங்கள் வாசலிலிருந்து வெறும் வயிற்றோடு அனுப்பியதும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் காப்பாற்ற வழி இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

மூவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். லீலாவதி நாற்காலியை விடவில்லை.

"குழாய் அந்தப் பக்கம் இருக்கு. கை கழுவிட்டு வாங்க" என்றேன்.

ராஜம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜோதிலிங்கம் குழாய்ப் பக்கம் நடந்தார். ருக்மிணி சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு செருப்பு மாட்டினாள். "நான் இத எதையும் பாக்கல அண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வாசல்வரை போய், பஸ் நிறுத்தத்துக்குத் துணை வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

வள்ளியம்மை இலை போட்டாள். லீலாவதி தண்ணீர் வைத்தாள். அவர்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். சோற்றை நான் பரிமாறினேன். வேணு தலை குனிந்தே இருந்தான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னேன். அவர்கள் எழுந்த பிறகு நானும் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. ருக்மிணி வரவில்லை.

என் மகள் வீட்டை விட்டு ஓடிப்போய், எங்கோ ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள் என்றும், நான் அவளைத் தலை முழுகிவிட்டேன் என்றும் புசா ரோடு பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவர்கள் என் வீட்டில் வந்து கேட்டார்கள், என் வீட்டில் கை நனைத்தார்கள். சோறு பரிமாறியவன் நான்.